கடல் குதிரையை வீட்டில் வளர்க்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது, இரண்டு கோமாளி மீன்கள் நன்றாக வளர்கின்றன. தெரிந்த கடைக்காரர் ஒருவர் ஒரு ஜோடி கடல் குதிரை தருகிறேன் என்கிறார், பில் மட்டும் கிடையாதாம். மகளுக்கு ரொம்ப ஆசை. எப்படிப் பராமரிப்பது?
*ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு*

வாங்காதீர்கள் சார். பில் போட அவரால் முடியாது, அதுதான் காரணம். கடல் குதிரையும் அதன் உறவான குழல்மீன்களும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலி, யானையோடு ஒரே பட்டியலில். விற்பதும் குற்றம், வாங்கி வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நிரூபணமானால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த உயிரின் நிலைமையைப் பாருங்கள். பில் இல்லாமல் வருவது அநேகமாகக் கடலில் பிடித்ததாகத்தான் இருக்கும். நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இவை வலையில் சிக்குவது உண்டு. கடல் குதிரைக்கு இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. குழாய் மாதிரி இருக்கும் வாயால் இரையை உறிஞ்சி விழுங்குகிறது, அது உடம்பில் தங்காமல் சீக்கிரம் போய்விடும், அதனால் தொட்டியில் தினமும் இரண்டு மூன்று வேளையாவது தீனி போட்டாக வேண்டும். அதுவும் கடலில் பிடித்ததென்றால் உயிரோடு நீந்தும் குட்டி இறாலைத்தான் தேடும், உறைய வைத்த மைசிஸ் இறாலைச் சாப்பாடு என்றே ஏற்காது. அப்படியே ஏற்றாலும் அது சாப்பிடும் விதம் இருக்கிறதே: ஒரு கண்ணை உருட்டிப் பார்க்கும், அடுத்த கண்ணையும் திருப்பும், வாலால் பிடித்த கொம்பை விடாமல் மெதுவாகத் தலையை நீட்டும், பக்கத்தில் வந்ததும் சட்டென்று ஒரு இழுப்பு. அதற்குள் உங்கள் கோமாளி மீன்கள் எல்லாவற்றையும் காலி செய்திருக்கும். நோய் எதுவும் வராமலே வயிறு ஒட்டிப்போய்ப் பட்டினியில் சாகும், அதை உங்கள் மகள் தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

வெப்பமும் ஒரு பெரிய பிரச்சினை. வெப்பமண்டல வகைகளுக்கே 22 முதல் 24 டிகிரிதான் பாதுகாப்பு. அதைத் தாண்டினால் விப்ரியோ பாக்டீரியா வேகமாகப் பெருகும், தோலும் மூக்கும் அழுக ஆரம்பிக்கும். ஏப்ரல் மாத பெங்களூரில் பம்ப், விளக்குச் சூடும் சேர்ந்தால் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இல்லாத தொட்டி எங்கே போய் நிற்கும் என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

மகளுக்குக் காட்ட வேறு நல்ல விஷயம் உங்கள் தொட்டியிலேயே இருக்கிறது. அந்த இரண்டு கோமாளிகளும் ஜோடி சேர்ந்தால் கல்லிலோ மண்சட்டியிலோ முட்டையிடும், ஆண் மீன் துடுப்பால் விசிறி விசிறி அதைக் காக்கும், ஒரு வாரம் பத்து நாளில் இரவு நேரத்தில் குஞ்சு வெளிவரும். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றை இப்படித்தான் இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஒன்று மட்டும்: தொட்டி அலங்காரத்துக்கு உயிர்ப் பவளமும், விசிறி மாதிரி விரியும் பவள வகையான கடல் விசிறியும் வாங்கிவிடாதீர்கள், அவையும் அதே அட்டவணைதான்.

கேள்வி: நன்னீர்க் குழல்மீன் என்று ஒருவர் விற்கிறார். அது கடலில் வாழ்வதில்லையே, வளர்க்கலாம்தானே?
*ஒரு கல்லூரி மாணவி, இந்திராநகர்*

கூடாதும்மா. ஆற்றில் வாழ்ந்தாலும் அதே குடும்பம்தான், சட்டம் அந்தக் குடும்பம் முழுவதற்கும் பொருந்தும்.

கேள்வி: மெல்போர்னில் இருக்கும் என் அக்கா, பண்ணையில் பிறந்த கடல் குதிரைகளை வளர்க்கிறார். ஆண் குதிரையின் பை உப்பியிருக்கிறது, கர்ப்பம் என்கிறார். ஆனால் அது நேற்றிலிருந்து மேலேயே மிதக்கிறதாம். கூடவே குழல்மீன் விடலாமா என்றும் கேட்கிறார்.
*ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர்*

அங்கே ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பியூட்டி பாயின்ட் என்ற ஊரில் பானை வயிற்றுக் கடல் குதிரைகளைப் பண்ணையில் வளர்க்கிறார்கள், அக்காவிடம் இருப்பதும் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். கடல் குதிரையில் ஆண்தான் குஞ்சுகளைப் பையில் சுமக்கும், ஆனால் கர்ப்பமான ஆண் மிதக்காது. குஞ்சுகளின் கனத்தோடு ஏதாவது ஒரு கொம்பில் வாலைச் சுற்றிக்கொண்டு அமைதியாக இருக்கும். கீழே இறங்க முயன்று முயன்று மறுபடி மேலே வருகிறது என்றால் பைக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. பையை அமுக்கிப் பார்க்க வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள், மீனுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர்தான் வாயுவை எடுக்க வேண்டும், அவர் தரும் மருந்தையும் விடாமல் கொடுக்க வேண்டும். கொண்டுபோகும்போது வலையில் தூக்கக் கூடாது, காற்றையும் விழுங்கிவிடும். தண்ணீருக்குள்ளேயே கையால் அணைத்து டப்பாவுக்குள் விடச் சொல்லுங்கள்.

அப்புறம் பம்ப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது காற்றை இழுத்துப் பொடிக் குமிழிகளைத் தள்ளுகிறதா? இந்த வகைக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், 20 டிகிரிக்குக் கீழே. மிச்சத் தீனி அடியில் அழுகாமல் அரை மணி நேரத்தில் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

குழல்மீன் வேண்டாம். அமைதியான மீன்தான், சண்டை வராது, ஆனால் கடலில் பிடித்ததாக இருந்தால் அதன் உடம்பிலிருக்கும் கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் பண்ணையில் பிறந்த குதிரைகளுக்குப் பழக்கமில்லாதவை, ஏற்கனவே ஒன்று நோயில் இருக்கும்போது இது ஆபத்து.