இறக்கத்தில் பிரேக் தொளதொளக்கிறதா? பேட் வாங்குவதற்கு முன் ஒயிலைப் பாருங்கள்

கேள்வி: "கொட்டகலையில் இருக்கிறேன் அண்ணே. மேனுவல் கியர் ஆல்டோ ஓட்டுகிறேன். போன மாதம் குடும்பத்தோடு நுவரெலியாவில் இருந்து கம்பளைக்கு இறங்கும்போது, புசல்லாவை வர வர பிரேக் பெடல் தொளதொளத்து உள்ளே போய்விட்டது. கருகிய வாசமும் அடித்தது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்கிறது. ஹேண்ட் பிரேக்கும் கடைசி வரை இழுத்தால்தான் பிடிக்கிறது. வீட்டிலேயே பேட் மாற்றி, ஹேண்ட் பிரேக் கேபிளையும் இறுக்கிவிடலாமா?"

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி வருத்தம். முதலாவதற்குப் பேட், அதாவது முன் சில்லின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை, மருந்தாகாது. இரண்டாவதற்குக் கேபிள் கடைசி வேலை. அதில் கை வைத்துத் தொடங்கக் கூடாது.

பெடலில் இருந்து ஆரம்பிப்போம். பேட் சூடேறிப் பிடிமானம் இழந்தால் பெடல் கல்லு மாதிரி இருக்கும், ஆனால் வாகனம் நிற்காது. பெடல் இளகி உள்ளே போனால் குழாய்க்குள் ஆவி நிற்கிறது என்று அர்த்தம். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 3, டொட் 4 என்பது பிரேக் ஒயிலின் தரக் குறியீடு. புது டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். அதில் நூற்றுக்கு 4 பங்குக்குக் கிட்ட தண்ணீர் சேர்ந்தால் 140 வரைக்கும் இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஒயில் கொதித்தால் ஆவி. ஆவியை அமுக்கலாம், ஒயிலை அமுக்க முடியாது. அதனால்தான் உங்கள் மிதி சில்லுக்குப் போய்ச் சேரவில்லை. ஆறியதும் ஆவி திரும்ப ஒயிலாகிவிடும், பெடலும் நல்ல பிள்ளையாகிவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் "ஒன்றுமில்லையே" என்று அனுப்பிவிடுவதும் இதனால்தான்.

அந்த ரோட்டில் எவ்வளவு சூடு கிளம்பும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கம்பளைக்கு வர ஏறத்தாழ 1,400 மீட்டர் இறங்க வேண்டும். ஆட்களோடு ஒரு தொன் எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் சக்தி 40 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இஞ்சினோ பிரேக்கோதான் வாங்க வேண்டும். நீங்கள் நாலாம் கியரில் இறங்கியிருந்தால் இஞ்சின் சும்மா கூடவே வந்திருக்கும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். றம்பொடை வளைவுகளில் அது பெரும்பாலும் இரண்டு. நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். இன்ஜெக்‌ஷன் இஞ்சின் கியரில் இறங்கும்போது பெற்றோலை அதுவாகவே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் குடிக்கும்.

ஆகவே முதல் வேலை ஒயில் மாற்றுவது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம்ம பக்கத்தில் அதைத் தாண்ட விடாதீர்கள். பிரேக் ஒயில் டாங்கி மூடியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். டொட் 3 கேட்கும் வாகனத்துக்கு டொட் 4 ஊற்றலாம். டொட் 5 என்பது சிலிக்கன், அதைக் கிட்டவும் சேர்க்க வேண்டாம்.

ஒயில் மாற்றும்போது குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லுக்குப் பின்னால் உள்ள நிப்பிளை (ஒயில் வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து, குழாய் வழியாகப் போத்தலுக்குள் விட்டு, மூடியபின் "விடு" என்று சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். மேலே டாங்கி வற்றவும் கூடாது. பிரேக் ஒயில் பெயின்றைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். எந்தச் சில்லில் தொடங்குவது என்பது மொடலுக்கு மொடல் மாறும், கைநூலைப் பாருங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வாகனத்தில் டாங்கி வற்றிக் காற்று உள்ளே போய்விட்டால் ஸ்கேனர் இல்லாமல் முழுதாக எடுப்பது கஷ்டம்.

இனி ஹேண்ட் பிரேக். பின் சில்லின் டிரம்முக்குள் இருந்து அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டைதான் சூ. அது தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடினால் லீவர் மேலே வரும். அந்த நேரத்தில் கேபிளை இறுக்கினால் லீவர் கீழே வந்துவிடும்தான். ஆனால் உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாது, தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பும் வேலை செய்யாமல் போகும். பிறகு கால் பிரேக்கும் ஆழமாகப் போகத் தொடங்கும். முதலில் சூவைச் சரிசெய்து, கேபிள் தளர்வாக இருந்தால் மட்டும் கடைசியில் அதைத் தொடுங்கள்.

இதற்கு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஆபத்து அங்கேதான். நம்ம வீட்டு முற்றங்கள் எல்லாம் சரிவு. சமதரை கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். கோவில் முன்னாலோ மைதானத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், முதல் கியரில் போடுங்கள். ஜாக்கில் தூக்கியபின் ஸ்டாண்டில் இறக்குங்கள். செங்கல்லும் பிளாக் கல்லும் சொல்லாமல் நொறுங்கும்.

டிரம் வராவிட்டால் அடித்து உடைக்காதீர்கள். பல டிரம்களில் 8 மில்லிமீட்டர் போல்ட் போட இரண்டு துளை இருக்கும். இரண்டையும் மாறி மாறி இறுக்கினால் அது தானே பிதுங்கி வரும். நடு நட்டைக் கழற்றினால்தான் வரும் என்றால் பேரிங்கும் சேர்ந்து வருகிற வகை, கராஜுக்கு விடுங்கள். உள்ளே உள்ள தூளை ஊதவேண்டாம், பழைய சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரத் துணியால் எடுங்கள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். சூவைத் தள்ளும் சிலிண்டரின் ரப்பர் தொப்பியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சொட்டச் சொட்ட ஈரம் இருந்தால் சிலிண்டர் ஒழுகுகிறது. ஒயில் குடித்த சூவைக் கழுவி மறுபடி போட முடியாது; இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எல்லாம் நல்லது என்றால் சூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, டிரம்மைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். "சர்" என்று லேசாக உரசும் சத்தம் கேட்டு, சில்லும் தடையில்லாமல் சுற்றினால் அதுதான் அளவு. இறுகிப் பிடித்தால் ஒரு பல் பின்னுக்கு.

முன் பேட்டையும் பார்த்துவிடுங்கள். புதிதில் பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றுங்கள், இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்கிற கணக்கு கொழும்புச் சமதரைக்குச் சரி. மாற்றினால், வாகனத்தை அசைக்கும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். புதுப் பேட்டுக்கு இடம் விட, பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி வெறுமனே போகும். சில்லு நட்டெல்லாம் இறுக்கிவிட்டு இதை மறந்து, முற்றத்தை விட்டு இறங்கியவர்கள் உண்டு.

அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் அப்படியே செய்ய வேண்டாம். அதில் பிரேக் அழுத்தத்தைக் கொம்பியூட்டர் பார்த்துக்கொள்கிறது. வாகனம் நிற்கும்போதும் உள்ளே அழுத்தம் இருக்கும். வெசல் மாதிரி பட்டனால் ஹேண்ட் பிரேக் போடும் வாகனமும் அப்படித்தான், பின் பிரேக்கைத் தொடும் முன் அதை சர்விஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வழியில் மறுபடி பெடல் இளகினால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள், மண்மேட்டுப் பக்கமாக ஒதுங்குங்கள். நின்றதும் கியரில் போட்டுச் சில்லுக்குக் கல் வையுங்கள். அருவித் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கிற டிஸ்க்கில் ஊற்றுவதை இறக்கங்களில் அடிக்கடி காணலாம். டிஸ்க் நெளியும், வெடிக்கவும் கூடும், தானாக ஆறட்டும்.

வீட்டில் நிறுத்தும்போதும் நாள் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் கியரும் கல்லும்தான் நல்லது. பனி ஈரத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தே விட்டால் சூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒயில் மாற்றுவதைக் கராஜிலேயே கொடுக்கிறீர்கள் என்றால், சீல் உடைக்காத போத்தலை நீங்களே வாங்கிக்கொண்டு போய், உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பாதி ஊற்றி மூடி வைத்த போத்தல் தட்டில் கிடக்கும், அதுவும் ஈரம் குடித்ததுதான்.