கிரிபத்தா பாற்சோறா? வருஷப்பிறப்பு குறுக்கெழுத்தில மாட்டின தங்கச்சிக்கு

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. பேப்பரில வந்த சித்திரை வருஷப்பிறப்பு ஸ்பெஷல் குறுக்கெழுத்துப் போட்டியில இடமிருந்து வலம் ஒரு கேள்வி: "வருஷப்பிறப்பண்டு சிங்கள வீடுகளில் முதலில் பரிமாறுவது", நாலு கட்டம். அவ பாற்சோறு எண்டு போட்டிட்டா, கட்டமும் நிரம்பிட்டுது. ஆனா மூண்டாவது கட்டத்தில இருந்து கீழ இறங்குற சொல்லு, "எண்ணெயில் சுடுவது, பயறிலும் உண்டு, பனங்காயிலும் உண்டு", அஞ்சு கட்டம், அது சோ-வில தொடங்கினா ஒண்டும் வருதில்லையாம். வாட்ஸ்அப் குரூப் ஒண்டில 300 ரூபா ரீலோட் (ஃபோன் காசு) போட்டா முழு விடையும் தாறாங்களாம், வாங்கவா எண்டும் கேக்கிறா.

வாங்காதீங்கோ. முதல் கட்டத்தைப் பாப்பம்.

நீங்கள் மேல இருக்கிற சொல்லைப் பிடிச்சுக்கொண்டு கீழ இருக்கிறதோட சண்டை பிடிக்கிறீங்கள். மாறிச் செய்யுங்கோ. எண்ணெயில சுடுறது, அஞ்சு கட்டம் எண்டா மனசில வாறது பலகாரம், இல்லாட்டி பணியாரம். ரெண்டும் ப-வில தான் தொடங்குது, ஆகவே எது சரியெண்டு தெரியாமலே அந்தக் கட்டத்தில ப எண்டு எழுதலாம். மூண்டாவது ப எண்டா மேல பாற்சோறும் இல்லை, பொங்கலும் இல்லை, கி-ரி-ப-த் தான், பாற்சோறுக்குச் சிங்களப் பேர். "சிங்கள வீடுகளில்" எண்டு கேள்வியிலயே போட்டிருக்கு, அவங்கட வாயில வாற பேரைத்தான் கேக்கிறாங்கள். பிறகு பயறு, பனங்காய் ரெண்டையும் சொல்லியிருக்கிறபடியா கீழ பணியாரம்.

இன்னொண்டு. கீழ போற சொல்லு தொடங்குற கட்டத்தில புள்ளி வைச்ச எழுத்து வராது, தமிழ்ச்சொல் அப்பிடித் தொடங்காது. இது ஒண்டைப் பாத்தாலே பிழையான விடையில பாதி தானா விழுந்திடும்.

எழுத்து எண்ணுறதுக்கு ஃபோனை நம்பாதீங்கோ. பொங்கல் எண்டா பொ, ங், க, ல், நாலு கட்டம். ஃபோனுக்குள்ள அது ஏழு குறியீடாக் கிடக்கு, அதால சில ஆப் ஏழு எண்டு காட்டும், பிள்ளைகள் அதைப் பாத்திட்டு வந்து அடிபடுவினம்.

இப்ப கனபேர் தலையைப் பிச்சுக்கொள்ளுற இடத்துக்கு வாறன், ஒற்று. பனங்காய்ப் பணியாரம் எண்டு சேத்து எழுதினா நடுவில ஒரு ப் வரும், 11 கட்டம். ப் இல்லாமப் போட்டா 10. தைப்பொங்கல் ஆறு, ப் விட்டா அஞ்சு. ஆடிக்கூழ் அஞ்சு, க் விட்டா நாலு. ஆனா பயற்றம் பணியாரத்தில அப்பிடி ஒண்டும் முளைக்காது, பயற்றம் எண்டு எழுதினாலும் பயத்தம் எண்டு எழுதினாலும் 10 தான். ஆகவே ரெண்டு சொல் சேந்த பலகாரத்துக்கு ஒரு கட்டம் கூடினாலோ குறைஞ்சாலோ உடன விடை பிழையெண்டு அழிக்காதீங்கோ, ஒற்றைப் போட்டும் எடுத்தும் பாத்திட்டு அழியுங்கோ. இதை விதிமுறையில ஒரு வரி அச்சடிச்சா முடிஞ்சுது, செய்யமாட்டாங்கள். நான் கட்டம் போட்டுக் குடுத்த ஒரு இடத்தில பக்கத்தில இடமில்லையெண்டு ஒற்றுக் கட்டத்தையே வெட்டிட்டாங்கள், வாசகர் தான் பாவம். முதல் குறுக்கெழுத்தே 1913 டிசம்பர் 21இல, நத்தாருக்கு நாலு நாள் முந்தி, நியூயோர்க் வேர்ல்ட் பேப்பரில ஆர்தர் வின் போட்டது. நூறு வருஷம் தாண்டியும் நம்மட ஆக்களுக்கு ஒரு வரி விதி போட இடமில்லை.

அந்த ரீலோட் ஆக்களைப் பற்றிச் சொல்லுறன், கவனமாக் கேளுங்கோ. அவங்கள் விக்கிறதும் உங்களை மாதிரி ஒருத்தர் நிரப்பின கட்டம் தான், பாற்சோறு எண்டு போட்டது அப்பிடியே நூறு பேருக்குப் போகும். அதை விட மோசம் அதுக்குப் பிறகு வாறது. நீங்கள் ரீலோட் போட்டவுடன உங்கட நம்பர் அவங்களிட்ட இருக்கு, இந்தப் போட்டியில ஆர்வம் எண்டும் தெரியும், ரெண்டு கிழமையில ஒரு கோல் வரும், "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, அனுப்புற செலவுக்குக் கொஞ்சம் போடுங்கோ, ஃபோனுக்கு வந்த ஓடிபி நம்பரைச் சொல்லுங்கோ" எண்டு. உண்மையாப் பரிசு தாறவன் உங்களிட்டக் காசு கேக்கமாட்டான். ஓடிபியை ஆர் கேட்டாலும் சொல்லாதீங்கோ, அம்மாவிட்டயும் சொல்லி வையுங்கோ, வீட்டில இருக்கிற வயசானவையைத் தான் இவங்கள் கூடத் தேடுறாங்கள். முந்தி கடைவாசல்ல கூப்பனோட நிண்டு "நான் போட்டுத் தாறன்" எண்டவங்களும் இருந்தவங்கள், உங்கட கூப்பனை அப்பிடி ஒருத்தரிட்டயும் குடுக்காதீங்கோ, தபால் பெட்டிக்கு நீங்களே போங்கோ.

அனுப்பமுந்தி விதிமுறையில அசல் கூப்பன் கேட்டிருக்கோ எண்டு பாருங்கோ, கேட்டிருந்தா போட்டோகொப்பி எடுபடாது. பேனையால எழுதுங்கோ, கிரிபத்தில கடைசி த்-க்கு புள்ளி வடிவா விளங்க வேணும். பிறகு விடையில பாற்சோறு எண்டே அச்சடிச்சு வந்தா, பணியாரத்தைக் காட்டி ஆசிரியருக்குக் கடிதம் போடுங்கோ.