சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான தேக் பகதூருக்கு டெல்லியில் ஏன் இரண்டு குருத்வாராக்கள்?

தலை ஒரு திசையிலும் உடல் ஒரு திசையிலும் போனதுதான் காரணம். சாந்தனி சௌக்கில் இருக்கும் சீஸ் கஞ்ச், அவர் தலை வெட்டப்பட்ட இடம். பார்லிமெண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ரகாப் கஞ்ச், உடல் எரிக்கப்பட்ட இடம்.

சீக்கிய மரபுப்படி, காஷ்மீரப் பண்டிதர்கள் 1675-இல் கிர்பா ராம் தலைமையில் குரு இருந்த பஞ்சாபின் ஆனந்த்பூர் வந்து, முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் ஆட்சியின் கட்டாய மதமாற்றத்திலிருந்து காக்கும்படி முறையிட்டார்கள். அவர்களுக்காகப் புறப்பட்ட ஒன்பதாவது குரு கைதானார். எங்கே என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. ரோபருக்கு அருகே என்றும் ஆக்ரா என்றும் சொல்வார்கள். டெல்லிச் சிறையில் வைத்த நிபந்தனை: அற்புதம் காட்டு, இல்லையேல் மதம் மாறு, இல்லையேல் சாவு.

அவரைப் பணியவைக்க, கூட இருந்தவர்களை முதலில் கொன்றார்கள். மதி தாஸை ரம்பத்தால் அறுத்தார்கள். தயாளாவைக் கொதிக்கும் கொப்பரையில் போட்டார்கள். சதி தாஸைப் பஞ்சில் சுற்றிக் கொளுத்தினார்கள். நவம்பர் 11 அன்று குருவின் தலை வெட்டப்பட்டது (அது பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி; இன்றைய நாட்காட்டியில் நவம்பர் 21). ஔரங்கசீப் நேரில் நின்று பார்த்ததாகப் பலர் எழுதுவது தவறு. அப்போது அவர் வடமேற்கே ஹசன் அப்தாலில் முகாமிட்டிருந்தார்.

உடலை எடுக்க யாருக்கும் அனுமதியில்லை. சீடர் பாய் ஜைதா தலையை மறைத்து ஆனந்த்பூர் கொண்டுபோனார். வணிகர் லக்கி ஷா வணஜாரா உடலைச் சரக்கு வண்டியில் ஒளித்து, இன்று பார்லிமெண்ட் இருக்கும் ராய்சினா பகுதியிலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெளிப்படையாகச் சிதை மூட்டினால் மாட்டிக்கொள்வார். அதனால் உடலை உள்ளே வைத்துத் தன் வீட்டுக்கே தீ வைத்தார். ரகாப் கஞ்ச் எழுந்தது அந்த வீடு இருந்த இடத்தில்தான்.