ஃபேமஸ் ஃபைவ் கதைகளைப் பெரியவர்கள் படித்தால் ரசிக்க முடியுமா? பினாங்கில் எங்கே கிடைக்கும்?

ரசிக்கலாம், ஆனால் மர்மத்துக்காக இல்லை. எனிட் பிளைட்டன் 1942 முதல் 1963 வரை எழுதிய இந்த 21 சிறுவர் மர்ம நாவல்களில், குற்றவாளி யாரென்று பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பாதியிலேயே தெரிந்துவிடும்.

நான்கு பிள்ளைகளும் ஒரு நாயும்தான் அந்த ஐவர். அவர்களில் எனக்கு இன்றும் பிடித்தவள் ஜார்ஜ்தான். ஜார்ஜினா என்று கூப்பிட்டால் பதிலே சொல்ல மாட்டாள். அவளுக்கென்று ஒரு தீவு, அதில் இடிந்த கோட்டை, கூடவே அவளுடைய நாய் டிம்மி. வேறென்ன வேண்டும்? ஆனால் சமையலும் பாத்திரமும் இன்னொரு சிறுமியான ஆனி தலையிலேயே விழுவது இப்போது உறுத்துகிறது. ஜார்ஜின் அப்பாவான விஞ்ஞானி, சிடுமூஞ்சி அங்கிள் குவென்டின்மேல் அனுதாபமே வருகிறது. வீடு நிறையப் பிள்ளைகள் ஓடினால் ஆராய்ச்சி எப்படி நடக்கும்?

சௌராஸ்டா சந்தை மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். 2010இல் மொழியைப் புதுப்பித்த பதிப்பு வேண்டாம். பதிப்பகமே 2016இல் பழைய நடைக்குத் திரும்பிவிட்டது.