தொப்புளுக்கு மேலே புடைக்கிறதா? சிட்-அப்ஸ் இப்போது வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 28. சிசேரியனில் குழந்தை பிறந்து 10 வாரம் ஆகிறது. தையல் நன்றாக ஆறிவிட்டது. தொப்பையைக் குறைக்க ஒரு வாரமாக சிட்-அப்ஸ், ஸ்கிப்பிங் செய்கிறேன். படுத்து எழும்போது தொப்புளுக்கு மேலே நீளவாக்கில் புடைக்கிறது. குதித்தாலும் தும்மினாலும் சிறுநீர் சொட்டுகிறது. "பச்சை உடம்பு, வயிற்றைக் கட்டிக்கொண்டு படு" என்கிறார் அம்மா. தாய்ப்பால் கொடுக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: சிட்-அப்ஸையும் ஸ்கிப்பிங்கையும் இன்றே நிறுத்துங்கள். நடப்பதை நிறுத்தாதீர்கள்.

வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் சவ்வு கர்ப்பத்தில் இழுபட்டு அகன்றிருக்கும். சிட்-அப்ஸ் செய்யும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, அந்த இடைவெளி வழியே புடைக்கிறது. அதே அழுத்தம் கீழே இடுப்புத்தளத் தசைகளையும், அதாவது சிறுநீர்ப்பை, கருப்பை, குடலை அடியிலிருந்து தாங்கும் தசைகளையும் தள்ளுகிறது. சிறுநீர் சொட்டுவது அதனால்தான். சிசேரியன் என்பதால் இடுப்புத்தளம் தப்பிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்பகாலம் முழுவதும் குழந்தையின் பாரத்தைத் தாங்கியதும் அதே தசைகள்தானே?

தையல் ஆறிவிட்டது என்கிறீர்கள். ஆறியது தோல். உள்ளே தைத்த, வயிற்றுத் தசையை மூடியிருக்கும் வலுவான உறை 6 வாரத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டும். பெரும்பகுதி திரும்ப 6 மாதம் ஆகும்.

இடைவெளியை நீங்களே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே, நடுக்கோட்டில் விரல்களைப் பக்கம் பக்கமாக வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு தசை விளிம்புகளுக்கு நடுவே எத்தனை விரல் இறங்குகிறது? இரண்டு வரை என்றால் கவலை வேண்டாம். எண்ணிக்கையோடு, அடியில் விறைப்பாக இருக்கிறதா, விரல் தொளதொளவென்று உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் தோண்டிப் பார்க்க வேண்டாம்.

இடுப்புத்தளப் பயிற்சிதான் முதல் வேலை. வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். 5 எண்ணும்வரை பிடித்து, அதே 5 எண்ணிக்கை முழுமையாகத் தளர்த்துங்கள். இப்படி 8 முதல் 10 தடவை. பிறகு சட்டென்று இழுத்து விடுவது 10 தடவை. நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது 3 மாதம். பிடிக்கும் நேரத்தை மெல்ல 10 வரை கூட்டலாம். பாலூட்ட உட்காரும்போது செய்தால் மறக்காது. பெரும்பாலோர் செய்யும் தவறு, புட்டத்தையும் தொடையையும் இறுக்கி மூச்சை அடக்கிக்கொள்வது. அப்போது அழுத்தம் கீழேதான் போகும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகவும் வேண்டாம். தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன் இறுக்கப் பழகினால் சொட்டுவது குறையும்.

வயிற்றுக்கு: அதே மல்லாந்த நிலையில் மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்து, ஒரு குதிகாலைத் தரையோடு நீட்டி மடக்குங்கள். காலுக்கு 8 தடவை. புடைத்தால் அந்த அளவு அதிகம் என்று பொருள், குறையுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். குழந்தையையோ குடத்தையோ தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மலச்சிக்கலில் முக்குவதும் சிட்-அப்ஸ் போலத்தான். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

நடை 15 நிமிடத்தில் தொடங்கட்டும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, 30 நிமிடம், வாரம் 5 நாள் என்று கொண்டுவாருங்கள். ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் பிரசவமாகி 12 வாரத்துக்கு முன் கூடாது. அதற்குப் பிறகும், 30 நிமிடம் நடந்து, ஒவ்வொரு காலிலும் 10 தடவை நொண்டியடித்தும் சொட்டாமல், கீழே கனக்காமல் இருந்தால்தான்.

அம்மா சொல்வதில் பாதி சரி. அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் மிதமான கட்டு, இருமும்போது வரும் வலியைக் குறைக்கும். ஆனால் கட்டினால் தசை சேராது, கொழுப்பும் கரையாது. பழைய புடவையால் இறுக்கிக் கட்டினால் இடுப்புத்தளம்தான் திணறும். உங்களுக்கு இப்போது தேவையில்லை.

மிதமான பயிற்சியால் பால் வற்றாது. பாலூட்டிவிட்டு நடந்தால் மார்பு கனக்காது. உணவைக் குறைக்காதீர்கள்: பாலூட்டும் முதல் 6 மாதம் நாளுக்கு ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்). பிரசவத்துக்குப் பிறகு 180 நாளும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். மாடி ஏறினாலே மூச்சு வாங்கினால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ரத்தப்போக்கு திரும்பி அதிகமானாலும், தழும்பு சிவந்து நீர் வடிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 3 மாதப் பயிற்சிக்குப் பிறகும் சொட்டினால், இடைவெளி மூன்று விரலுக்கு மேல் இருந்தால், பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவதுபோல் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லுங்கள். இருமும்போது ஓரிடத்தில் மட்டும் உருண்டையாகத் துருத்தினால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அதை அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.