கறுப்புக் கொலம்பைன் சேலத்து மாடியில் பூக்குமா?

கேள்வி: கொலம்பைன் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியில் 'பிளாக் பார்லோ' வகை விதை ஒரு பாக்கெட்டை என் மகள் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தாள். படத்தில் பூ அடுக்கடுக்காக, கறுப்பாக இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியில் வளர்க்கலாமா? விதையை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும் என்கிறாள்.
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அந்த பாக்கெட்டை மாடிக்கு மட்டும் கொண்டு போய்விடாதீர்கள். ஃபிரிட்ஜ் யோசனை பாதிதான் சரி. இந்தச் செடிக்குக் குளிர் இரண்டு தடவை வேண்டும். விதையின் உறக்கம் கலைய ஒரு தடவை. அதற்கு ஈர மணலில் கலந்து மூன்று நான்கு வாரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். வளர்ந்த செடி மொட்டு வைக்க இன்னொரு தடவை. அதற்கு வாரக்கணக்கில் நிஜமான குளிர்காலம் வேண்டும். சேலத்து மார்கழியில் அது கிடைக்காது. சித்திரை வெயிலில் செடியே தாங்காது.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலேயே எனக்கு இது சுலபமாக வரவில்லை. முதல் வருடம் விதையை மண்ணால் நன்றாக மூடிவிட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. வெளிச்சம் பட வேண்டிய விதை அது, மேலாகத் தூவினாலே போதும். அடுத்த வருடம் நாற்றைத் தாமதமாகப் பிடுங்கி நட்டேன். ஆணிவேர் அறுந்து அத்தனையும் போயிற்று. மூன்றாம் முறை ஆழமான பைகளில் வளர்த்து, சில்வர் ஓக் நிழலில் ஒன்பது செடி வைத்தேன். இரண்டாம் வருடம் மாசியில் ஒரே ஒரு செடி பூத்தது. மற்ற எட்டும் இலையோடு சரி.

அந்த ஒரு பூ போதும் எனக்கு. நிழலில் கரித்துண்டு மாதிரி தலை கவிழ்ந்து தொங்கியது. விரலால் நிமிர்த்திக் காலை வெயிலுக்கு நேரே பிடித்தால், இதழுக்குள் நாவல்பழச் சாறு நிற்பது போல ஊதா! உண்மையில் அது கறுப்பில்லை. ஆந்தோசயனின் என்ற நிறமி அடர்ந்து நிற்பதால் நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது, கத்தரிக்காய்த் தோல் மாதிரி. இன்னொன்று, கொலம்பைன் என்றாலே பூவின் பின்னால் தேன் நிற்கும் வால்கள் நினைவுக்கு வரும். பார்லோ வகையில் அவை இருக்காது. வாலும் வேண்டும், கருமையும் வேண்டும் என்றால் 'வில்லியம் கின்னஸ்' வாங்கலாம். இதழோரம் வெள்ளையாக இருக்கும்.

ஏற்காட்டில் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் விதையை அவர்களிடம் கொடுங்கள். பலத்த மழை ஓய்ந்ததும் போடச் சொல்லுங்கள். பூவுக்கு இரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

உங்கள் மாடிக்கு அடுக்குச் சங்குப்பூ வையுங்கள், கருநீலம். கரு ஊமத்தையின் அடுக்குப்பூ இன்னும் கருமைதான், ஆனால் செடி முழுக்க விஷம். பேரக்குழந்தைகள் வந்து போகிற வீடென்றால் அது வேண்டவே வேண்டாம். சங்குப்பூ விதையை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் ஊன்றுங்கள். கொடி ஏற ஒரு கயிறு கட்டிவிட்டால் சரி.