குட்டி நாய் வந்தாச்சு, அப்புறம்? கேள்வி பதில்

கேள்வி: எட்டு வார லாப்ரடார் குட்டி வந்து இரண்டு நாள் ஆகிறது. ராத்திரி முழுக்க அழுகிறது. தனியே விட்டால்தான் பழகும் என்கிறார்கள். விடலாமா சார்?

பதில்: விடாதீர்கள். போன வாரம் வரை அம்மாவோடும் கூடப் பிறந்ததுகளோடும் ஒட்டிக்கொண்டு தூங்கிய குட்டி அது. கத்துவது பிடிவாதம் இல்லை, பயம். படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் போடுங்கள். முனகினால் கையை மேலே வையுங்கள், பேச்சும் விளையாட்டும் வேண்டாம். நன்றாகத் தூங்கப் பழகிய பிறகு படுக்கையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகலாம்.

அசந்து தூங்கின குட்டி திடீரென்று எழுந்து தரையை மோந்துகொண்டே வட்டமடித்தால் சிறுநீர் முட்டுகிறது என்று அர்த்தம். உடனே தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். போய் முடித்ததும் அங்கேயே தீனி கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்ததாக அது எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஐந்து வாரக் குட்டி கிடைக்கிறது. சின்னதிலேயே வாங்கினால் நன்றாக ஒட்டிக்கொள்ளும் அல்லவா?

பதில்: வாங்காதீர்கள். எட்டு வாரம் முடியட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்த குட்டிகளிடம் அது கற்கும் நாட்கள் அவை.

கேள்வி: நாலு மாதக் குட்டி கையெல்லாம் கடிக்கிறது. முரட்டு இனமோ?

பதில்: இனம் இல்லை, பல். 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கிற வயது. பல் பட்டதும் விளையாட்டை நிறுத்துங்கள், மெல்லுவதற்கு வேறு பொருள் கொடுங்கள். சாயங்காலம் வெறி பிடித்த மாதிரி ஓடிக் கடித்தால் தூக்கம் போதவில்லை. இந்த வயதுக் குட்டி நாளில் பாதிக்கு மேல் தூங்க வேண்டும்.

கேள்வி: குட்டி ரத்தமாகப் பேதி போகிறது, சாப்பிடவில்லை. வீட்டு வைத்தியம்?

பதில்: இப்போதே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். பார்வோ என்ற வைரஸ் நோயாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கேள்வி: ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியைப் புரட்டிப் போட்டு அமுக்கி, தலைவன் யார் என்று காட்டச் சொல்கிறார் பயிற்சியாளர்.

பதில்: செய்யவே செய்யாதீர்கள். 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற விலங்கு ஆய்வாளர், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், 1999இல் தானே அதைத் திருத்தி எழுதினார். அமுக்கப்பட்ட குட்டி, அந்தக் கை ஆபத்தானது என்பதைத்தான் கற்கும். உறுமினால் அடி விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

இன்னொருவர்: அப்போ இனம் என்பதே பொய்யா? எங்கள் பார்டர் கோலி பிள்ளைகளைச் சுற்றி வளைக்கிறதே, யார் சொல்லிக்கொடுத்தது?

பதில்: பொய் இல்லை. தலையைத் தாழ்த்தி, முன்னங்காலில் ஒன்றைப் பாதி தூக்கியபடி, கண்ணை எடுக்காமல் நிற்குமே, அது வேட்டையின் தொடக்கம். ஆடு மேய்ப்பதற்காக வேட்டையின் அந்தத் துண்டை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள்.

அதே நபர்: அப்படியானால் இனத்தை வைத்துக் குணத்தைச் சொல்லிவிடலாம்!

பதில்: முடியாது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே ஒன்று சத்தத்துக்குப் பதுங்கும், இன்னொன்று அதை நோக்கி ஓடும். இனத்தைப் பார்த்து எவ்வளவு ஓட்டம் வேண்டும், எதை மோந்து திரியும் என்று ஓரளவு கணிக்கலாம். கடிக்குமா, சாதுவா என்பதற்கு எதிரில் நிற்கும் நாயைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றொருவர்: எங்கள் லாப்ரடாருக்கு எப்போதும் பசி. அதுவும் வளர்ப்புதானா?

பதில்: இதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை 2016இல் கண்டார்கள். சாப்பாட்டு ஆசை அதோடு சேர்ந்தே வருகிறது. கெஞ்சலுக்கு இரங்காமல் அளந்து போடுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி கடிக்கிறது, என்ன செய்வது?

பதில்: மேலே சொல்லியாயிற்று. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஆறு வாரத்தில் வாங்கினோம். கடி தாங்க முடியவில்லை.

பதில்: இதற்குத்தான் எட்டு வாரம் என்று அடித்துச் சொல்கிறேன். இனி, தடுப்பூசி போட்ட சாதுவான பெரிய நாயோடு பழக விடுங்கள். அது சரியான அளவில் கண்டிக்கும்.

கேள்வி: தடுப்பூசி முடியும்வரை வெளியே காட்டவே கூடாதா?

பதில்: ஊசிகள் முடிய 16 வாரம் ஆகிவிடும். உலகத்துக்குப் பழகும் பருவமோ 14 வாரத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். அதனால் தரையில் விடாமல் கையில் தூக்கிப் போங்கள். வண்டிச் சத்தம், குடை, தொப்பி போட்டவர், குழந்தைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். முகத்தைத் திருப்பினாலோ வாலை ஒடுக்கினாலோ இன்னும் தள்ளிப் போய் நில்லுங்கள்.